முனியாண்டி மார்பிலிருந்த மெடல் பட்டை

பெயிண்டர் மணியம் ஏணியில் நின்றபடியே கம்பி பிரஷ்ஷைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டினார். அதில் பாதிச் சீப்பு நீளத்துக்கு ஒரு துண்டு கிடந்தது. மேல் பக்கம் பல வருடப் பெயிண்ட், அடிப்பக்கம் சிமெண்டுக் கட்டி.

"நான் ஒண்ணும் பண்ணலலா. லேசாத்தான் தேச்சேன். சாமியே கழட்டிக் குடுத்துட்டாரு."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் தாய்மாமா கோவிந்தசாமி, பிடியை விட்டுவிட்டார். மாமாதான் கோவில் தலைவர். ஏணி ஆடியது. மணியம் முனியாண்டியின் மீசையைப் பிடித்துத் தப்பித்தார்.

"டேய், திருவிழா அடுத்த வாரம்! சாமி மாரைப் பேத்துட்டியே!"

"மாரு அப்படியேதான் இருக்கு. சட்டைப் பொத்தான் விழுந்த மாதிரி. ஒட்டிரலாம்."

பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடையும் பூசாரியின் சுருட்டு வாடையும் கலந்து அடித்துக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை, நான் அங்கே இருந்ததற்குக் காரணம் பக்தி அல்ல. அம்மா மாமாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருந்தார். ஊறுகாய் போத்தலை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையை மணியத்திடம் நீட்டினேன். அவர் அந்தத் துண்டை என் கையில் போட்டார்.

அன்றிலிருந்து திருவிழா முடியும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

யார் முன்னால் நிற்பது

மெலாக்காவில் லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலை, ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, கடைசியில் எங்கள் தோட்டத்து முனியாண்டி முன்னால் வந்து முடியும். சாமி சிமெண்டால் ஆனவர். முறுக்கு மீசை, கையில் அரிவாள், காலில் பூட்ஸ், மார்பில் குறுக்குப் பட்டி. அந்தப் பட்டியின் மேல்தான் இந்தத் துண்டு பதிந்திருந்தது.

தோட்டத்தில் எல்லோரும் அதை மெடல் என்பார்கள். உண்மையில் அது மெடல் அல்ல. மெடலைத் தொங்கவிடும் ரிப்பனில் சிறுசிறு துண்டுகளை வெட்டி, ஒரு பித்தளைத் தகட்டில் வரிசையாகத் தைத்து, பட்டாளத்துக்காரர்கள் அன்றாடச் சட்டையில் குத்திக்கொள்வார்களே, அந்தப் பட்டை. கல்யாணத்துக்கு நகை, வேலைக்குப் போகும்போது கவரிங் என்று நம் பெண்கள் வைத்திருக்கிற ஏற்பாடுதான். பட்டாளத்தார் அதற்குச் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

யாரோ ஒரு பட்டாளத்துக்காரர் வேண்டிக்கொண்டு சாமிக்குக் கொடுத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். யார் என்பதில்தான் சண்டை. எங்கள் கோவிலில் முதல் மரியாதை, சாமிக்கு மெடல் கொடுத்த வீட்டுக்கு. பூசாரி தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, முதல் விபூதியைக் கொடுப்பார். மற்ற எல்லோரும், தலைவர் உட்பட, அதற்குப் பிறகுதான்.

"சண்டைக்குப் போனது எங்கப்பா" என்பது மாமாவின் கட்சி. "கம்யூனிஸ்ட் காலத்துல துப்பாக்கி புடிச்சது எங்க சித்தப்பா" என்பது கிராணி வீட்டார் கட்சி. கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் பேனா பிடித்தவர். பேனா பிடித்த வீட்டுக்குத் துப்பாக்கியும் வேண்டியிருந்தது. இரண்டு வீடும் வருடம் மாற்றி வருடம் மரியாதை வாங்கின. வாங்காத வீடு அந்த வருடம் முழுக்க முனகியது.

இந்த வருடம் முறை கிராணி வீட்டுக்கு. ஆனால் மாமா தன் மூத்த மகளுக்குக் கிள்ளானில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார். சம்பந்தி வீட்டார் திருவிழாவுக்கு வேன் பிடித்து வருகிறார்கள். "நாங்க பட்டாளத்துக்காரர் வம்சம், சாமிக்கே மெடல் குடுத்த வீடு" என்று மாமா அங்கே அளந்துவிட்டு வந்திருந்தார். வேனில் வந்து இறங்குகிறவர்கள் கிராணி வீட்டுத் தலையில் பரிவட்டத்தைப் பார்த்தால் என்ன ஆகும்?

"நீதான் கிலாங்குல கலர் படிக்கிற வேல பாக்குறியே," என்றார் மாமா. கிலாங் என்றால் எங்கள் பேச்சில் தொழிற்சாலை. "இது எங்கப்பாவோடதுன்னு படிச்சுச் சொல்லும்மா. கிராணி வாயை அடைச்சிருவோம்."

"வேற யாரோடதுன்னு வந்தா?"

"வராது."

பூசாரி அங்கமுத்து ஐயா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். எழுபது வயதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. "படிக்கட்டும்" என்றார். "என்ன வருதோ அதுபடி செய்வோம்." பிறகு சுருட்டுக்குப் பின்னால் சிரித்த மாதிரி இருந்தது.

எந்த முனையிலிருந்து

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் தொழிற்சாலையின் வாடைகளை வரிசைப்படுத்தி எழுதியதற்கு, வேலை இடத்தைக் கேவலப்படுத்தலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயா, வரிசைப்படுத்துவது கேவலப்படுத்துவது ஆகாது. அப்படியானால் நான் சந்தித்த எல்லாவற்றையும் கேவலப்படுத்தியிருக்கிறேன்.

எனக்குப் பத்து பெரண்டாம் என்ற இடத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியன் வேலை. ரெசிஸ்டர் என்று அரிசிமணி போல ஒரு சாமான் உண்டு. அதன் மேல் எண் எழுத இடமில்லாததால் வண்ண வளையம் போட்டிருப்பார்கள். கறுப்பு சுழி, பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு என்று போகும். பொன்னிற வளையம் வலப்பக்கம் இருக்குமாறு பிடித்து இடமிருந்து படிக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் எண் தலைகீழாகிவிடும், ரேடியோ புகையும். கொஞ்ச நாளில் கண் கெட்டுவிட்டது. பசாரில் கோடு போட்ட சேலையைப் பார்த்தால்கூட மனம் எண் கூட்டும்.

இப்படிக் கெட்ட கண்ணோடு ஜோங்கர் தெருவில் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்தேன். பிஸ்கட் டின் ஒன்றில் பழைய மெடல் பட்டைகள் குவியலாகக் கிடந்தன. தவுக்கே, அதாவது கடை முதலாளி, மத்தியான உறக்கத்தில் இருந்தார். நான் உட்கார்ந்து வகைப்படுத்த ஆரம்பித்துவிட்டேன். அவர் விழித்துப் பார்த்தபோது டின் மூடியின் மேல் எல்லாம் வரிசையாக இருந்தன. மலாயில் ஏதோ திட்டினார். பிறகு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள் என்று வண்ணப் படங்கள் போட்ட ஒரு கிழிந்த புத்தகத்தைத் தூக்கிப் போட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போவது வழக்கமாயிற்று.

மெடல் பட்டையும் ரெசிஸ்டர் மாதிரிதான். எந்த முனையிலிருந்து படிப்பது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சட்டைப் பொத்தான் பக்கமிருந்து தோளை நோக்கிப் படிக்க வேண்டும். எந்த ரிப்பனுக்குப் பக்கத்தில் எது வரலாம், எது வரவே கூடாது என்பதற்கு முறை இருக்கிறது. ஒருவர் எங்கே இருந்தார், எங்கே இருந்திருக்கவே முடியாது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

பெயர் மட்டும் தெரியாது. ரிப்பனில் பெயர் இருக்காது. அதற்கு வேறு எதையாவது பிடிக்க வேண்டும்.

சாமி போய் வந்த இடங்கள்

அன்று சாயங்காலம் முனியாண்டியின் பட்டையை மேசை விளக்கின் அடியில் வைத்துப் படித்தேன். மூன்று ரிப்பன்.

முதலாவது மஞ்சளில் சிவப்புக் கோடு. புத்தகத்தில் தேடினேன். ஏதோ ஓர் ஐரோப்பிய ராஜாவின் முடிசூட்டு விழாவில் கலந்துகொண்டவர்களுக்கானது. இரண்டாவது நீலமும் வெள்ளையும். கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றியதற்கு. மூன்றாவது ரோஜா நிறம். அப்படி ஒன்று புத்தகத்தில் இல்லை. கிட்டத்தட்டப் பொருந்தியது தாதிகளுக்கான ஒன்று.

மறுநாள் மாமாவிடம் சொன்னேன். முடிசூட்டு விழா, கடல், தாதி.

மாமா யோசித்தார். "சாமிதானம்மா. எல்லாம் செஞ்சிருப்பாரு."

"மாமா, கொடுத்தவரைப் பத்திப் பேசுறோம்."

"எங்கப்பாவும் கெட்டிக்காரருதான்."

சந்தேகம் வந்து லூபோக் சீனாவுக்குப் போனேன். மணியம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். முனியாண்டி மெடலுக்கு எப்படி நிறம் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"என்ன மிச்சம் இருக்கோ அதான் தங்கச்சி. மஞ்சளு தண்ணி டேங்குல மிஞ்சினது. நீலம் மீன்புடிக்கிற போட்டுக்கு அடிச்சது. ரோஸ் கல்யாண மண்டபம்." பிரஷ்ஷை நிறுத்தி, கண்ணைச் சுருக்கினார். "நல்லாத்தானே இருந்துச்சி? போன வருஷம் பச்சையும் போட்டுப் பாத்தேன், எடுப்பா இல்ல."

வருடா வருடம் சாமிக்கு வேட்டி, மீசை, பூட்ஸ் என்று அடித்துக்கொண்டே வந்தவர், மெடலை மட்டும் ஏன் விட வேண்டும்? அவருக்கு முன்னால் அடித்தவரும் விடவில்லை. நான் படித்தது போரை அல்ல, மெலாக்கா மாநிலத்தில் மிஞ்சிய பெயிண்டை.

சாலிடர் பக்கம்

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பலகையின் மேல் பக்கம் பார்த்து எதுவும் புரியாவிட்டால் திருப்பிப் போட்டு ஈயம் பற்ற வைத்த பக்கத்தைப் பார். மேல் பக்கம் எவனும் அழகு பண்ணிவிடலாம். செய்த வேலை அடிப்பக்கத்தில்தான் தெரியும்.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பூதக்கண்ணாடி விளக்கின் அடியில், அந்தச் சிமெண்டுக் கட்டியைக் கொக்கி ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். லைனில் இருந்த பெண்கள் சாப்பாட்டுத் தட்டோடு சுற்றி நின்றுகொண்டார்கள். "முனியாண்டி பார்ட்டா? ரிஜெக்ட்டா, பாஸா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி ஒரு எட்டு தள்ளி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சிமெண்டு விட்டதும் அடியில் ஒரு துணி பிளாஸ்டர். புண்ணுக்கு ஒட்டுவோமே, அது. பழுத்து, காகிதம் போலச் சுருண்டு வந்தது. அதன் கீழே பித்தளைத் தகடு, குத்தூசி, தகட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் மடிந்திருந்த ரிப்பன் முனைகள். பெயிண்ட் அங்கே எட்டவில்லை. வெயில் எட்டவில்லை. நேற்றுத்தான் கடையில் கிழித்த மாதிரி நிறம்.

முதலாவது கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம். கப்பற்படை, தரைப்படை, வான்படை மூன்றுக்கும் ஒவ்வொரு நிறம். பெரிய போரில் இருந்தவர்களுக்குப் பொதுவானது. இரண்டாவது பச்சை, நடுவில் மஞ்சள், ஓரங்களில் மெல்லிய கோடுகள். பச்சை காடு, மஞ்சள் கடற்கரை மணல் என்பார்கள். ஜப்பான்காரன் வந்தபோது இந்தப் பக்கத்தில் சண்டையில் நின்றவர்களுக்கு. மூன்றாவது சிவப்பு, நீலம், வெள்ளை. போர் முடிந்த பிறகு கொடுத்தது.

ஆக, இவர் ஜப்பான்காரன் வந்தபோது வெள்ளைக்காரன் படையில் சீருடையோடு இருந்தவர்.

இதில் கிராணி வீடு உடனே விழுந்தது. போருக்குப் பின்னால் வந்த கம்யூனிஸ்ட் காலத்தில் சேவை செய்தவர்களுக்கு ஊதா நிறத்தில் நடுவில் பச்சைக் கோடு போட்ட ரிப்பன். ஊதா ஒரு நூல்கூட இங்கே இல்லை. கிராணியின் சித்தப்பா துப்பாக்கி பிடித்திருக்கலாம். ஆனால் இந்தப் பட்டையை அவர் பிடிக்கவில்லை.

மாமாவின் அப்பா, அதாவது நான் பார்த்திராத என் தாத்தா, போனது சண்டைக்கு அல்ல. சயாமுக்கு. ஜப்பான்காரன் லோரியில் ஏற்றிக்கொண்டுபோய் ரயில் தண்டவாளம் போடவைத்த ஆட்களில் ஒருவர். போனவர்களில் திரும்பியவர் குறைவு. அவர் திரும்பினார், காலில் ஆறாத புண்ணோடு. வீட்டில் 'சயாமுக்குப் போனது' என்பது 'சண்டைக்குப் போனது' ஆயிற்று. சண்டைக்குப் போனவருக்கு மெடல் இருக்க வேண்டுமே என்று தேடிய கண்ணுக்கு முனியாண்டி மார்பு தெரிந்தது. மாமாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தண்டவாளத்துக்கு ரிப்பன் எவனும் நெய்யவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டேன்.

மாமாவின் நெற்றி

பெயர் மட்டும் மிச்சம்.

ரிப்பனைத் தகட்டோடு பிடித்திருந்த நூலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டாளத் தையற்காரன் தைத்தது எப்போதோ விட்டுப்போய், யாரோ மறுபடி தைத்திருந்தார்கள். கறுப்புப் பட்டு நூல். தையற்காரனானால் ஓட்டமாகத் தைத்துக் கடைசியில் ஒரு முடிச்சுப் போடுவான். இதில் ஒவ்வொரு தையலும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சு, சம இடைவெளி, முடிச்செல்லாம் ஒரே பக்கம். துணியை யாராவது இப்படித் தைப்பார்களா?

இந்தத் தையலை நான் பார்த்திருக்கிறேன். எங்கே?

அன்று வேலை முடிந்ததும் நேராகத் தோட்டத்துக்குப் போய், மாமாவை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். அவர் இடப்புருவத்துக்கு மேலே, சின்ன வயதில் பால் கொட்டாய்ப் படியில் விழுந்த தழும்பு இருக்கிறது. குறுக்கே ஒரு கோடு, அதன் மேல் ரயில் பாதைக் கட்டைகள் போலச் சின்னச் சின்னக் கோடுகள். பக்கத்தில் பட்டையைப் பிடித்துப் பார்த்தேன். இடைவெளி அச்சு அசல்.

"என்னம்மா பண்ற? சொறியிறியா?"

"இந்தத் தையல் யார் போட்டது மாமா?"

"டிரஸ்ஸர் லாரன்ஸு. தோட்டத்து ஆஸ்பத்திரியில புண்ணுக்கு மருந்து கட்டி, தையல் போடுறவரு. ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அவருக்கென்ன?"

"மெடல் அவரோடது."

மாமா என் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். தன் நெற்றியைத் தடவினார். தனக்கு எதிரான சாட்சியை இத்தனை வருடம் தன் முகத்திலேயே சுமந்திருக்கிறார். "லாரன்ஸு கிறிஸ்டீன்லா!" என்றார், அதுவே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பதுபோல.

பூசாரி ஐயாவிடம் போனோம். அவர் முழுவதும் கேட்டார். சுருட்டை அணைத்தார்.

"ஆமா. டிரஸ்ஸரோடதுதான்."

"தெரியுமா உங்களுக்கு?" மாமா கத்தியேவிட்டார்.

"நான்தான பதிச்சேன். அப்ப நான் சின்னப் பூசாரி. சாமிக்கு சிமெண்டு பூசிக்கிட்டு இருந்தோம். டிரஸ்ஸர் வந்தாரு, ஜப்பான்காரன் சண்டையில வெள்ளக்காரன் பட்டாளத்துல காயத்துக்குத் தெச்சவரு. அவருக்கு அப்ப தண்ணி ஜாஸ்தி. நல்ல மனுஷன், ஆனா சாயங்காலம் ஆனா கை நடுங்கும். சம்சு சாராயப் போத்தலைச் சாமி முன்னால வெச்சாரு. சட்டையில குத்தியிருந்தத கழட்டினாரு. 'இனிமே என் பங்கையும் நீயே குடிச்சிக்கோ. சாட்சிக்கு இத வெச்சிக்கோ'ன்னாரு. சாமிக்குக் குத்திடப்போகுதுன்னு ஊசி மேல பிளாஸ்டர் வேற ஒட்டினாரு. ஈரச் சிமெண்டுல அப்படியே அழுத்திட்டேன்."

"இத்தன வருஷம் ஏன் சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடாதுன்னாரு. நீங்களா கண்டுபிடிச்சிட்டா அது என் குத்தம் இல்ல." சுருட்டை மறுபடி பற்ற வைத்தார். "ரெண்டு வீடும் அடிச்சிக்கிறதும் பாக்க நல்லாத்தான் இருந்துச்சி."

மரியாதை என்ன ஆகும் என்றார் மாமா. குடுத்த வீட்டுக்கு என்றார் பூசாரி. அந்த வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், தலைவர் வாங்கிக்கொள்ளலாம்.

மாமாவின் முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது.

தஞ்சோங் கிளிங்கில் ஒரு மத்தியானம்

டிரஸ்ஸர் லாரன்ஸ் எப்போதோ இறந்துவிட்டார். அவர் மனைவி ஞானம்மா தஞ்சோங் கிளிங்கில் மகன் வீட்டில் இருந்தார். கடலோரச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கருவாட்டு வாடை வரும் ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. மாமா வழியெல்லாம் காடியை ஓட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்தார். "அவங்க வேதக்காரங்க. முனியாண்டின்னாலே தூரத்துலயே கும்பிடு போட்டு ஒதுங்கிருவாங்க. வேணாம்பா, நீயே வாங்கிக்கோன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

கதவைத் திறந்தவர் வெள்ளைச் சேலையில் ஒல்லியாக, நேராக நின்றார். மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"கோவிந்தனா? நெத்தி கிழிஞ்ச கோவிந்தனா? வெளிச்சத்துக்கு வா. ம். நல்லாத்தான் தெச்சிருக்காரு."

சுவரில் அந்தோணியார் படம், அதன் முன்னால் மெழுகுவர்த்தி. நான் பட்டையை வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தேன். அவர் தொடவில்லை.

"இது எங்க கெடச்சிச்சி? அடகுக் கடையிலயா?"

"இல்ல டிரஸ்ஸரம்மா—"

"வித்துக் குடிச்ச மனுஷன். குத்திக்கிட்டுப் போனாரு, வெறும் சட்டையோட வந்தாரு. எங்கேன்னு கேட்டா வாயே தொறக்கல."

மாமா சொன்னார். சம்சு போத்தல், சாட்சி, பிளாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். நடுவில் தன் காரியம் மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஞானம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முனியாண்டிகிட்டயா? ஞாயித்துக்கிழம முன் பெஞ்சில உக்காந்து பாடுற மனுஷன், முனியாண்டிகிட்டயா?"

விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார்.

"குடிய விட்டது அப்பத்தான். அதுக்கப்புறம் தொட்டதில்ல. நான் அந்தோணியாருக்கு நவநாள் வெச்சிருந்தேன். செவ்வாக்கெழம செவ்வாக்கெழம." படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ நான் ஏத்தின மெழுகுவர்த்தி?"

"அதுவும் சேந்து வேல செஞ்சிருக்கும்லா," என்றார் மாமா. "ரெண்டு பேரும் கலந்து பேசியிருப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "நான் சும்மா இருக்கலம்மா. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் மெடல வித்துக் குடிச்சவருன்னு சொல்லுவேன். அவரு எதிர்லயே. சிரிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. எதுக்கும்மா ஒரு மனுஷன் சிரிக்கணும்?"

நான் பட்டையின் உறையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். 

மாமா தொண்டையைச் செருமினார். "அதான் டிரஸ்ஸரம்மா... முதல் மரியாதை உங்க வீட்டுக்கு. நீங்க அங்கெல்லாம் வர மாட்டீங்கன்னு தெரியும். எனக்கு சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. 'நீயே வாங்கிக்கோ கோவிந்தா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

ஞானம்மா பட்டையைக் கையில் எடுத்தார். பின்பக்கம் திருப்பி, தையலைக் கட்டைவிரலால் தடவினார்.

"எத்தன மணிக்கு வந்து நிக்கணும்?"

 திரும்பி வரும் வழியில், மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டிய பிறகு, மாமா சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்போ எங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லையா?"

"புத்தகத்துல இல்ல மாமா."

"ஒம் புத்தகத்தத் தூக்கிக் கடல்ல போடு."

மைக்

பட்டையை நான்தான் மறுபடி பதித்தேன். அடிப்பக்கம் வெளியே தெரியுமாறு, மேலே கீழாகத் திருப்பி. பக்கவாட்டில் திருப்பினால் வரிசை கெட்டுவிடும். மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஒட்டி, மணியத்திடம் பிரஷ்ஷோடு அந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு மனத்தாங்கல். "சாமிக்கு சட்டைய உள்பக்கம் வெளியில போட்டு விட்ட மாதிரி இருக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

திருவிழாவன்று உருமி முழங்க, கிள்ளான் வேன் வந்து நின்றது. பட்டுப் புடைவைகள் இறங்கின. கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்சி. ஞானம்மா குடையும் கைப்பையுமாக இறங்கினார். கழுத்தில் ஜெபமாலை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேராகக் கூட்டத்தின் முன்னால் வந்து நின்றார்.

"கிறிஸ்டீனுக்கு முதல் மரியாதையா?" என்று கிராணி வீட்டிலிருந்து ஒரு குரல்.

"வாங்கிக்கிட்டவரே சும்மா இருக்காரு. ஒனக்கென்ன?" என்றார் பூசாரி, சிலையைச் சுருட்டால் காட்டி.

அறிவிப்பது தலைவர் வேலை. மாமா மைக்கைப் பிடித்தார். சம்பந்தி வீட்டார் முன்வரிசையில், கழுத்தை நீட்டிக்கொண்டு. மாமா மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, நெற்றித் தழும்பைத் தடவினார். அவர் தன் அப்பா பெயரைச் சொல்லியிருந்தால் தோட்டத்தில் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள், மீதிப் பேர் பழக்கத்தில் தலையாட்டியிருப்பார்கள். ஒலிபெருக்கி வெறுமனே கரகரத்தது.

"சாமிக்கு மெடல் குடுத்த வீடு," என்றார் மாமா.  "எங்க தோட்டத்து டிரஸ்ஸர், லாரன்ஸ் ஐயா வீடு. மரியாதை வாங்க அவரு வீட்டம்மா வந்திருக்காங்க."

சம்பந்தி, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். மாமா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஞானம்மா முந்தானையை எடுத்து, மாதா கோவிலில் பூசைக்குப் போடுவதுபோல முக்காடு போட்டுக்கொண்டார். அந்த முக்காட்டின் மேலேயே பூசாரி பரிவட்டம் கட்டினார். மாலை ஜெபமாலையின் மேல் விழுந்தது. அவர் முனியாண்டியை நிமிர்ந்து பார்த்தார். கும்பிடவில்லை. கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மாமாவிடம் கையை நீட்டி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நான் ஞானம்மா. லாரன்ஸ் பொண்டாட்டி. எம் புருஷன் மெடல வித்துக் குடிச்சாருன்னு இந்தத் தோட்டத்துல வீடு வீடா சொன்னது நான்தான். அவரு குடிச்சாரு, அது நெசம். ஒரு நாள் விட்டாரு, அதுவும் நெசம். வித்தாருன்னு நான் சொன்னது மட்டும் பொய். அப்ப கேட்டவங்க எல்லாம் இப்பவும் கேட்டுக்கோங்க. செத்துப் போயிட்டவங்களுக்கு அவங்க புள்ளைங்க சொல்லிருங்க."

உருமிக்காரர் குச்சியைத் தூக்கியபடியே நின்றார்.

"யாரு விட வெச்சதுன்னு நான் இங்க பேச வரல. அது எனக்கும் அவங்க ரெண்டு பேருக்கும் உள்ள விவகாரம். தனித்தனியா கேட்டுக்கிறேன்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். பூசாரி விபூதித் தட்டோடு வந்து, அவர் நெற்றியை நோக்கி விரலைக் கொண்டுபோனார். ஞானம்மா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, உள்ளங்கையை நீட்டினார். வாங்கிய விபூதியைக் கைக்குட்டையில் கொட்டி, இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டு, கைப்பைக்குள் வைத்தார்.

"இது அவரு கல்லறைக்கு," என்றார். "ஃபாதர் சாப்புடப் போற நேரமாப் பாத்துப் போடணும்."